இரண்டு ரயில்கள் எங்கே சந்திக்கும்?

பள்ளிக்கூடம் போன எவரையும் கேட்டுப் பாருங்கள். படித்த பாடங்களில் முக்கால் பங்கு மறந்து போயிருக்கும். ஒரு கணக்கு மட்டும் மறந்திருக்காது. ஓர் ஊரிலிருந்து ஒரு ரயில் புறப்படுகிறது. வேறோர் ஊரிலிருந்து இன்னொரு ரயில் அதை நோக்கிப் புறப்படுகிறது. இரண்டின் வேகமும் கொடுக்கப்பட்டிருக்கும். இரண்டும் எப்போது, எங்கே சந்திக்கும்? அன்று போட்ட விடை ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, கணக்கு வாத்தியாரின் முகம் நிச்சயம் ஞாபகம் இருக்கும்.

ரயில்வேயில் வேலை பார்க்கிறவர்கள் இந்தக் கணக்கைக் கேட்டால் முதலில் சிரிப்பார்கள். எதிரெதிராக வரும் இரண்டு வண்டிகள் நடுவழியில் ‘சந்திப்பது’ எங்கள் பாஷையில் நல்ல வார்த்தை அல்ல. ஆனால் பெங்களூரிலும் கோலார் தங்கவயலிலும் உள்ள தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது சிரிக்கிற விஷயமாக இல்லை. ரயில்வே உத்தியோகத்துக்கான தேர்வுகளில் இந்தக் கணக்கு ஏதாவது ஒரு வேஷத்தில் வந்து நிற்கிறது.

ரயில்வே தேர்வு வாரியத்தின் 2024 அறிவிப்புப்படி, டிக்கெட் குமாஸ்தா முதலிய பணிகளுக்கான முதல் கட்டத் தேர்வில் 100 கேள்விகள். நேரம் 90 நிமிடம். அதில் கணிதம் மட்டும் 30 கேள்விகள். ஒரு கேள்விக்குச் சராசரியாக 54 விநாடிதான் கிடைக்கும். தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் பிடித்துக் கொள்வார்கள். தமிழிலும் எழுதலாம், கன்னடத்திலும் எழுதலாம். எந்த மொழியில் எழுதினாலும் 54 விநாடி 54 விநாடிதான்.

ஓடும் ரயிலில் ஒரு வகுப்பு

தங்கவயல் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்ட பிறகு அங்குள்ள குடும்பங்களின் பிழைப்பு பெரும்பாலும் ரயிலில்தான் ஓடுகிறது. விடியுமுன்னே மாரிக்குப்பத்தில் ஏறி, பங்காருப்பேட்டை வழியாகப் பெங்களூர் வந்து, வேலை முடித்து இரவில் திரும்புகிறவர்கள் ஏராளம். அந்த வண்டிகளில் இளைஞர்களும் பெண்களும் மடியில் தேர்வு ‘கைடு’ வைத்துக்கொண்டு படிப்பதை யாரும் பார்க்கலாம்.

அப்படி ஒரு பெண். பட்டப்படிப்பு முடித்துவிட்டு ஜவுளிக்கடையில் பில் போடுகிறவர். நான் ரயில்வேயில் குமாஸ்தா என்று தெரிந்ததும் நோட்டுப் புத்தகத்தை நீட்டினார். பக்கம் முழுக்கச் சூத்திரங்கள். எண்ணிப் பார்த்தேன், பதினான்கு இருந்தன. ஒரு பயிற்சி மையத்தில் எழுதிப் போட்டதாம்.

“அண்ணா, எல்லாம் மனப்பாடம். ஆனா பரீட்சையில எதை எதுக்குப் போடணும்னு தெரியாம கலங்கிப் போகுது.”

“நோட்டை மூடி வைம்மா. ரெண்டு வண்டிக்கும் நடுவுல இருக்கிற தூரம் ஒரு மணி நேரத்துல எவ்வளவு குறையும்? அதை மட்டும் சொல்லு.”

சொல்லிவிட்டார். உண்மையில் கணக்கே அவ்வளவுதான். ஆனால் பயிற்சி மையங்கள் அதைச் சொல்வதில்லை. சூத்திரம் விற்பது சுலபம், யோசனை விற்பது கஷ்டம் என்பது காரணமாக இருக்கலாம்.

பெங்களூருக்கும் சென்னைக்கும் ரயில் பாதையில் ஏறக்குறைய 360 கி.மீ. தூரம். கணக்குக்கு வசதியாக 360 என்றே வைத்துக் கொள்வோம். பெங்களூரிலிருந்து ஒரு வண்டி மணிக்கு 55 கி.மீ. வேகத்திலும், சென்னையிலிருந்து ஒரு வண்டி 65 கி.மீ. வேகத்திலும் ஒரே சமயத்தில் புறப்படுகின்றன. ஒரு மணி நேரத்தில் இது 55 கி.மீ. நெருங்குகிறது, அது 65 கி.மீ. நெருங்குகிறது. ஆக நடுவில் உள்ள இடைவெளி 120 கி.மீ. குறைகிறது. 360-ல் 120 எத்தனை முறை? மூன்று. மூன்று மணி நேரத்தில் இரண்டும் ஒன்றையொன்று கடக்கும். அப்போது பெங்களூர் வண்டி 165 கி.மீ. வந்திருக்கும். ஜோலார்பேட்டையைத் தாண்டி வாணியம்பாடிக்குச் சமீபம். பிரியாணிப் பிரியர்களுக்கு அந்த இடம் தெரிந்த இடம்தான்.

இந்த 120-க்குத்தான் பாடப் புத்தகத்தில் ‘சார்பு வேகம்’ என்று பெயர் வைத்து மாணவர்களைப் பயமுறுத்துகிறார்கள். இடைவெளி குறைகிற வேகம் என்று சொன்னால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கூடப் புரியும்.

தேர்வில் கொஞ்சம் திருகிக் கேட்பார்கள். பெங்களூர் வண்டி காலை 6 மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் புறப்படுகிறது. சென்னையிலிருந்து ஒரு கூட்ஸ் வண்டி 7 மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் புறப்படுகிறது. அநேகம் பேர் அவசரத்தில் 360-ஐ 100-ஆல் வகுத்து விடுகிறார்கள். விடைகளில் அந்தத் தப்பு எண்ணும் ஒன்றாக இருக்கும், அதற்கென்றே வைத்திருப்பார்கள். 7 மணி ஆகும்வரை ஒரு வண்டிதான் ஓடுகிறது. அது 60 கி.மீ. வந்துவிட்டது. மீதி 300. இனிமேல்தான் இடைவெளி மணிக்கு 100 வீதம் குறையும். 3 மணி நேரம். காலை 10 மணிக்கு, பெங்களூரிலிருந்து 240-ஆவது கிலோமீட்டரில், அதாவது காட்பாடிக்கும் வாலாஜா ரோட்டுக்கும் நடுவில் சந்திப்பு. தென்னிந்தியாவின் முதல் பிரயாணி ரயில் 1856 ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து சேர்ந்தது அந்த வாலாஜா ரோட்டுக்குத்தான்.

இங்கே இன்னொரு விஷயம். ‘6 மணிக்குப் புறப்படுகிறது’ என்றால் எந்த ஊர்க் கடிகாரத்தில் 6 மணி? இன்று இது கிறுக்குத்தனமான கேள்வி. ஆனால் நாடு முழுவதற்கும் பொதுவான இந்திய நேரம் 1906 ஜனவரி 1-ல்தான் வந்தது. அதற்கு முன் பம்பாய்க் கடிகாரத்துக்கும் சென்னைக் கடிகாரத்துக்கும் ஏறக்குறைய அரை மணி வித்தியாசம். ரயில்வேக்காரர்கள் சமாளிக்க முடியாமல் சென்னை நேரத்தை வைத்துக்கொண்டு வண்டி ஓட்டினார்கள். ஒரே கடிகாரம் இல்லாமல் இந்தக் கணக்கைப் போடவே முடியாது.

ரயிலுக்கு முந்திய ரயில் கணக்கு

ரயில் வந்தபின்தான் இந்தக் கணக்கு வந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். அது சரியல்ல. சீனாவின் பழைய கணித நூலான ‘ஒன்பது அத்தியாயங்கள்’ என்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. காட்டு வாத்து தென்கடலிலிருந்து வடகடலுக்கு 7 நாளில் பறக்கும். காட்டுப் பெருவாத்து வடகடலிலிருந்து தென்கடலுக்கு 9 நாளில் பறக்கும். இரண்டும் ஒரே சமயத்தில் புறப்பட்டால் எப்போது சந்திக்கும்? ஒரு நாளில் ஒன்று வழியில் 7-ல் ஒரு பங்கும், மற்றது 9-ல் ஒரு பங்கும் கடக்கும். கூட்டினால் 63-ல் 16 பங்கு. ஆகவே 63-ஐ 16-ஆல் வகுத்தால் விடை. நான்கு நாளுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டாயிரம் வருஷத்துக் கணக்கு, இன்றைய ரயில்வே தேர்விலும் அப்படியே போடலாம்.

நம் நாட்டில் ஆரியபடர் கி.பி. 499-ல் எழுதிய ஆரியபடீயத்தின் கணிதப் பகுதியிலேயே இதற்கு விதி சொல்லியிருக்கிறார். எதிரெதிராகச் செல்பவற்றுக்கு இடைவெளியை வேகங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். ஒரே திசையில் செல்பவற்றுக்கு வேகங்களின் வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். அவர் கிரகங்களை மனத்தில் வைத்து எழுதினார். கிரகத்துக்குப் பதில் ரயில் பெட்டியை வைத்தது பின்னால் வந்த வாத்தியார்கள்.

ஜன்னலோரக் கணக்கு

ரயிலுக்கென்றே உள்ள தனிக் குணம் அதன் நீளம். வாத்து ஒரு புள்ளி, கிரகம் ஒரு புள்ளி. ஆனால் ரயில் அரை கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. இப்போது ஓடும் எல்.எச்.பி. பெட்டி ஒன்று ஏறக்குறைய 24 மீட்டர். 22 பெட்டியும் என்ஜினும் சேர்ந்தால் சுமார் 550 மீட்டர்.

இப்படி 550 மீட்டர் நீளமுள்ள இரண்டு வண்டிகள், ஒன்று 60 கி.மீ., மற்றது 72 கி.மீ. வேகத்தில், எதிரெதிராக வருகின்றன. என்ஜின்கள் நேருக்கு நேர் வந்த கணத்திலிருந்து கடைசிப் பெட்டிகள் பிரியும்வரை எவ்வளவு நேரம்? கடைசிப் பெட்டிகள் இரண்டுக்கும் நடுவில் அப்போது இருக்கும் தூரம் 1100 மீட்டர். இடைவெளி குறையும் வேகம் மணிக்கு 132 கி.மீ. அதை விநாடிக்கு மீட்டராக மாற்ற 5/18-ஆல் பெருக்க வேண்டும். கிலோமீட்டருக்கு 1000 மீட்டர், மணிக்கு 3600 விநாடி, ஆகையால் 1000-ஐ 3600-ஆல் வகுத்த பின்னம்தான் இந்த 5/18. வேறு மாயம் ஒன்றுமில்லை. அப்படி மாற்றினால் விநாடிக்கு 36 மீட்டர் சொச்சம். 1100-ஐ வகுத்தால் சரியாக 30 விநாடி.

அதே இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்துப் பாதையில் ஒரே திசையில் போய், வேகமான வண்டி மற்றதைத் தாண்டுவதானால்? வித்தியாசம் மணிக்கு 12 கி.மீ.தான். 330 விநாடி ஆகும். ஐந்தரை நிமிடம்! பக்கத்து வண்டி ஊர்ந்து ஊர்ந்து நம்மைத் தாண்டும்போது அந்த ஜன்னல்காரர் முகம் நமக்குப் பழக்கமாகி விடுவது இதனால்தான்.

தேர்வில் பிள்ளைகள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ‘ஒரு வண்டியில் ஜன்னலோரம் இருக்கும் பிரயாணியை எதிர் வண்டி எத்தனை விநாடியில் கடக்கும்?’ என்று கேட்பார்கள். பழக்க தோஷத்தில் இரண்டு நீளத்தையும் கூட்டி விடுகிறார்கள். பிரயாணி ஒரு புள்ளி. அவர் வண்டியின் நீளம் இங்கே வேண்டியதில்லை. எதிர் வண்டியின் 550 மீட்டர் மட்டும். விடை 15 விநாடி.

இதைப் படித்து நம்புவதைவிடப் பார்த்து நம்புவது நல்லது. அந்த ஜவுளிக்கடைப் பெண்ணுக்கு நான் சொன்ன யோசனை இதுதான். பாதையோரத்தில் கிலோமீட்டர் கற்கள் இருக்கின்றன. ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு எத்தனை விநாடி என்று பாருங்கள். 3600-ஐ அதனால் வகுத்தால் நம் வண்டியின் வேகம். 45 விநாடி என்றால் மணிக்கு 80 கி.மீ. பிறகு எதிர் வண்டி ஒன்று வரும்போது என்ஜின் நம் ஜன்னலைத் தொட்டது முதல் கடைசிப் பெட்டி போகும்வரை விநாடியை எண்ணுங்கள். 22 பெட்டி வண்டி 12 விநாடியில் போனதென்றால், 550-ஐ 12-ஆல் வகுக்க, விநாடிக்கு 46 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மணிக்கு 165 கி.மீ. அதில் 80 நம்முடையது. மீதி 85 எதிர் வண்டியின் வேகம். ஒரு வாரம் இப்படிச் செய்தால் பதினான்கு சூத்திரத்தில் பத்தை மறந்துவிடலாம். தலையை மட்டும் ஜன்னலுக்கு வெளியே நீட்ட வேண்டாம்.

கண்ட்ரோல் ஆபீஸின் கோடுகள்

ரயில்வே இந்தக் கணக்கை எப்படிப் போடுகிறது என்று வாசகர்கள் கேட்கலாம். ரயில்வே சூத்திரம் போடுவதில்லை. கோடு போடுகிறது.

ஒவ்வொரு டிவிஷனிலும் கண்ட்ரோல் ஆபீஸ் என்று ஒன்று உண்டு. அங்கே செக்ஷன் கண்ட்ரோலர் முன்னால் ஒரு சார்ட். பல வருஷங்கள் அது பெரிய காகிதமாக இருந்தது, கையில் பென்சிலும் ஸ்கேலும் இருந்தன. இப்போது அதே படம் கணினித் திரையில் வருகிறது. குறுக்கே இடமிருந்து வலமாக நேரம். பக்கவாட்டில் மேலிருந்து கீழாக நிலையங்களின் பெயர், தூரத்துக்கேற்ற இடைவெளி விட்டு. ஒரு வண்டிக்கு ஒரு கோடு. கீழ்நோக்கிப் போகும் வண்டிக்குக் கோடு இறங்கும், எதிரே வரும் வண்டிக்கு ஏறும். வேகமான வண்டியின் கோடு செங்குத்தாக இருக்கும், மெதுவான வண்டியின் கோடு சாய்ந்து கிடக்கும். நிலையத்தில் நிற்கும் வண்டிக்குப் படுக்கைக் கோடு. ஏறும் கோடும் இறங்கும் கோடும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் சந்திப்பு. எந்த நேரம் என்று மேலே பார்த்தால் தெரியும், எந்த இடம் என்று பக்கத்தில் பார்த்தால் தெரியும். இந்த வரைபடம் 19-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. பிரெஞ்சு விஞ்ஞானி மாரே, இப்ரி என்ற பொறியாளர் போட்டதாகச் சொல்லி, பாரிஸ்-லியான் ரயில்களின் படத்தைத் தம் நூலில் அச்சிட்டிருக்கிறார்.

இதன் சக்தியைப் பார்க்க ஒரு கணக்கு. இதைக் கப்பல்களை வைத்துச் சொன்னவர் எதுவார் லூகா என்ற பிரெஞ்சு கணித அறிஞர். நாம் ரயிலாக மாற்றிக் கொள்வோம். பெங்களூரிலிருந்து சென்னைக்கு மணிக்கொரு வண்டி. சென்னையிலிருந்தும் அதே நேரங்களில் மணிக்கொரு வண்டி. பயணம் 6 மணி நேரம். இரவு பகலாக ஓடுகின்றன. ஒரு வண்டியில் ஏறிப் போகிறவர் வழியில் எத்தனை எதிர் வண்டிகளைப் பார்ப்பார்? பத்துப் பேரைக் கேட்டால் எட்டுப் பேர் ஆறு என்பார்கள். சார்ட் போட்டுப் பார்த்தால் 11. நாம் புறப்படும்போதே ஐந்து வண்டிகள் சென்னையிலிருந்து கிளம்பி நடுவழியில் வந்துகொண்டிருக்கின்றன. ஒன்று நாம் கிளம்பும் அதே நேரத்தில் அங்கே கிளம்புகிறது. நாம் போய்ச் சேர்வதற்குள் இன்னும் ஐந்து கிளம்பிவிடும். இது தவிர, பெங்களூர் நிலையத்தில் அப்போதுதான் வந்து நின்ற வண்டி ஒன்று, சென்னையில் நாம் நுழையும்போது கிளம்பும் வண்டி ஒன்று. அவற்றையும் சேர்த்தால் 13. ஏற்கெனவே வழியில் இருப்பவற்றை மறந்துவிடுவதுதான் தவறுக்குக் காரணம். படத்தில் அவை கண்முன் கோடாக நிற்கும்.

தேர்வுகளில் பிள்ளைகளை மிகவும் பயமுறுத்தும் கணக்கு ஒன்றையும் இதே படத்தால் தீர்க்கலாம். இரண்டு வண்டிகள் ஒரே சமயத்தில் எதிரெதிராகப் புறப்பட்டன. சந்தித்தபின் ஒன்று 4 மணி நேரத்திலும் மற்றது 9 மணி நேரத்திலும் தத்தம் ஊர் போய்ச் சேர்ந்தன. வேகங்களின் விகிதம் என்ன? கைடு புத்தகம் வர்க்கமூலம் போடு என்று ஒரு வரியில் சொல்லிவிடும். ஏன் என்று சொல்லாது.

படத்தைப் பாருங்கள். சந்திக்கும் வரை ஆன நேரம் தெரியாது. முதல் வண்டி சந்திப்புக்குப் பின் 4 மணியில் ஓடிய தூரம், இரண்டாவது வண்டி சந்திப்புக்கு முன் ஓடி வந்த அதே தூரம். இரண்டாவது வண்டி பின்னால் 9 மணியில் ஓடியது, முதல் வண்டி முன்னால் ஓடி வந்த தூரம். ஆகவே முன்னால் ஆன நேரத்துக்கு 4 எந்த விகிதமோ, 9-க்கு அந்த நேரம் அதே விகிதம். 4-ஐயும் 9-ஐயும் பெருக்கினால் 36, அதன் வர்க்கமூலம் 6. சந்திக்க ஆனது 6 மணி நேரம். முதல் வண்டி 4 மணியில் ஓடுவதை இரண்டாவது 6 மணியில் ஓடுகிறது. வேகம் 3-க்கு 2. நம் 360 கி.மீ. பாதையில் என்றால் 36 கி.மீ., 24 கி.மீ. வேகங்கள். போட்டுச் சரிபார்த்துக் கொள்ளலாம்.

ஈ பறக்கும் கணக்கும் இந்த ஜாதிதான். 360 கி.மீ. இடைவெளியில் தலா 60 கி.மீ. வேகத்தில் வரும் இரு ரயில்களுக்கு நடுவே ஒரு பறவை 80 கி.மீ. வேகத்தில் மாறி மாறிப் பறக்கிறது. மொத்தம் எவ்வளவு தூரம் பறக்கும்? ரயில்கள் சந்திக்க 3 மணி நேரம், ஆகவே 240 கி.மீ. பெரிய கணித மேதை வான் நாய்மனிடம் இந்த மாதிரிக் கணக்கைக் கேட்டபோது அவர் உடனே விடை சொன்னாராம். சுருக்கு வழி உங்களுக்கு முன்பே தெரியுமா என்று கேட்டதற்கு, என்ன சுருக்கு வழி, முடிவில்லாத தொடரைக் கூட்டித்தான் சொன்னேன் என்றாராம். கதையாகவே சொல்லப்படுகிறது. மேதைகளுக்கு 54 விநாடி போதும். மற்றவர்கள் சுருக்கு வழியில் போவதே உத்தமம்.

ஒற்றைப் பாதையில்

பெங்களூர்-சென்னை இரட்டைப் பாதை. அங்கே வாணியம்பாடி அருகே இரண்டு வண்டிகள் சந்தித்தால் இரைச்சலோடு கடந்து போகும், அவ்வளவுதான். ஒற்றைப் பாதையில் கதை வேறு. ஓசூரைத் தாண்டி தர்மபுரி, ஓமலூர் வழியாகச் சேலம் போனவர்களுக்கு இது தெரியும். வண்டி ஒரு சிறிய நிலையத்தில் காரணமில்லாமல் நிற்கும். ‘கிராஸிங்’ என்பார்கள். எதிர் வண்டி வந்து போனபிறகுதான் நகரும்.

நிலையத்துக்கு நிலையம் நடுவில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிக்கு மேல் இருக்கக் கூடாது. இதற்காகவே பல இடங்களில் நீல்ஸ் டோக்கன் என்ற கருவி இருந்தது. இரண்டு நிலையங்களிலும் ஒவ்வொரு கருவி, மின்கம்பியால் இணைக்கப்பட்டவை. கைக்கு அடங்கும் ஓர் உலோகப் பந்து வெளியே வந்துவிட்டால் அடுத்த பந்து எந்தப் பக்கத்திலும் வராது. அந்தப் பந்து கையில் இல்லாமல் டிரைவர் நிலையத்தை விட்டுக் கிளம்ப மாட்டார். இப்போது பந்து இல்லாத வேறு கருவிகள் பெரும்பாலும் வந்துவிட்டன, விதி அதேதான்.

கணக்கில் கேட்கிறபடியே இரண்டு ரயில்களை ஒரே பாதையில் விட்டுப் பார்த்தவர்களும் உண்டு. 1896 செப்டம்பர் 15-ஆம் தேதி அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு ரயில் கம்பெனி விளம்பரத்துக்காக இரண்டு பழைய என்ஜின்களைப் பெட்டிகளோடு நேருக்கு நேர் மோதவிட்டது. வேடிக்கை பார்க்கச் சுமார் 40 ஆயிரம் பேர். மோதும் இடத்தைச் சரியாகவே கணக்குப் போட்டிருந்தார்கள். பாய்லர் வெடிக்கும் என்பதைத்தான் கணக்கில் சேர்க்கவில்லை. பார்வையாளர்களில் குறைந்தது இரண்டு பேர் இறந்தார்கள். நம் நாட்டில் 2022 மார்ச் 4-ஆம் தேதி செகந்திராபாத் அருகே ‘கவச்’ பாதுகாப்பு முறையைச் சோதித்தபோதும் என்ஜின்களை எதிரெதிராக விட்டார்கள். ஒன்றில் ரயில்வே அமைச்சர், மற்றதில் ரயில்வே வாரியத் தலைவர். பிரேக் தானே பிடித்து வண்டி நின்றது.

ஆகவே ஒற்றைப் பாதையில் ‘எங்கே சந்திக்கும்’ என்பது கேள்வியே அல்ல. ‘எங்கே சந்திக்க வைப்பது’ என்பதுதான் கேள்வி. இதைப் பாடப் புத்தகம் கேட்பதில்லை. கேட்டால் கணக்கு இன்னும் ருசியாக இருக்கும்.

ஐந்து நிலையங்கள் என்று வைத்துக் கொள்வோம். அ, ஆ, இ, ஈ, உ. ஒவ்வொன்றுக்கும் நடுவில் 10 கி.மீ. அ-விலிருந்து எக்ஸ்பிரஸ் 60 கி.மீ. வேகத்திலும், உ-விலிருந்து கூட்ஸ் 40 கி.மீ. வேகத்திலும் ஒரே சமயத்தில் புறப்படுகின்றன. புத்தகக் கணக்குப்படி 40 கி.மீ. இடைவெளி மணிக்கு 100 வீதம் குறைந்து, 24 நிமிடத்தில், அ-விலிருந்து 24-ஆவது கிலோமீட்டரில் சந்திப்பு. அது இ-க்கும் ஈ-க்கும் நடுக்காடு. அங்கே சந்திக்க விட முடியாது.

இ-யில் கடக்கவிட்டால், எக்ஸ்பிரஸ் 20 நிமிடத்தில் அங்கே வந்துவிடும். கூட்ஸ் 30 நிமிடத்தில் வரும். எக்ஸ்பிரஸ் 10 நிமிடம் நிற்க வேண்டும். ஈ-யில் கடக்கவிட்டால், கூட்ஸ் 15 நிமிடத்தில் வந்து ஓரமாக நின்றுகொள்ளும். எக்ஸ்பிரஸ் 30-ஆவது நிமிடத்தில் நிற்காமலே கடந்து போகும். கூட்ஸ் 15 நிமிடம் காத்திருக்கும்.

அந்தப் பெண்ணிடம் இதைக் கொடுத்து, “நீ கண்ட்ரோலரா இருந்தா எங்கேம்மா நிறுத்துவே?” என்று கேட்டேன். பங்காருப்பேட்டை வரும்வரை யோசித்தார்.

“ஈ-யில அண்ணா. அஞ்சு நிமிஷம் ஜாஸ்திதான். ஆனா எக்ஸ்பிரஸ்ல ஆயிரம் பேர் இருப்பாங்க, கூட்ஸ்ல நிலக்கரிதானே இருக்கு.”

கண்ட்ரோலரும் பெரும்பாலும் அதையே செய்வார். “சரி, கூட்ஸ் ரொம்ப நீளம், ஈ ஸ்டேஷன் லூப் லைன்ல அது அடங்காதுன்னா?” என்றேன். நோட்டை மறுபடி திறந்து, சூத்திரங்கள் இருந்த பக்கத்தைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் ஐந்து படுக்கைக் கோடுகள் போட ஆரம்பித்தார்.